பெஞ்சுக்குப் போன ராஜா

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக உலகம் சதுரங்கத்தைத் தப்பாக ஆடிக்கொண்டிருந்தது. மன்னர்கள் ஆடினார்கள், மேதைகள் ஆடினார்கள், கடைசியில் கம்ப்யூட்டர்கூட ஆடியது, ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்ன பெருமை, பெங்களூரு தொம்மலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியின் மூன்றாவது மாடியில், கேன்டீனுக்கும் கழிவறைக்கும் நடுவே போட்டிருந்த பிளாஸ்டிக் மேசையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, பதினோராவது நகர்த்தலில் தோற்றுப்போன கோதண்டராமனையே சேரும்.

தோற்ற மறுநிமிஷம் அவருக்கு அது புலப்பட்டது. அதற்கு முந்தைய நிமிஷம்வரை அவரும் நம்மைப் போலத்தான் இருந்தார்.

கோதண்டராமன் அந்தக் கம்பெனியில், வாடிக்கையாளருக்கு மென்பொருளை முடித்துக் கொடுக்கும் 'டெலிவரி' பிரிவின் தலைவர். அவருக்குக் கீழே முந்நூறு பேர். ஆனால் அங்கே 'கீழே' என்று எதுவும் கிடையாது, எல்லோரும் சமம். அதனால் அவரை 'சார்' என்று கூப்பிடக் கூடாது, 'கே.ஆர்.' என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் தவறி 'சார்' என்றவர்களுக்கு வருடாந்திர மதிப்பீட்டில் 'சமத்துவ உணர்வு' என்ற தலைப்பின் கீழ் அரைப் புள்ளி குறைக்கப்பட்டது. அவ்வளவு கறாரான சமத்துவம்.

அவரைத் தோற்கடித்தவர் தியோடர். வயது நாற்பத்தேழு. லிங்கராஜபுரத்துக்காரர். மாதா கோயில் ஹாலில், பாட்டுக்குழுவினர் ஒத்திகைக்கு வந்து சேர்வதற்குள் ஆடி முடிக்க வேண்டிய அவசரத்தில் சதுரங்கம் கற்றவர். இருபத்தொரு வருடமாக 'டெஸ்டர்' உத்தியோகம். அதாவது, மற்றவர்கள் எழுதிய மென்பொருளைப் போட்டுப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுப்பது. இது உலகத்தில் யாருக்கும் நண்பர்களைச் சம்பாதித்துத் தராத வேலை.

மேலதிகாரியை ஏன் தோற்கடித்தாய் என்று தியோடரைக் குறை சொல்ல நியாயமில்லை. 'பணியாளர் உற்சாக வாரம்' என்று ஒன்று வந்தது. யார் யாரோடு ஆடுவது என்று மனிதவளப் பிரிவின் மமதா சீட்டுக் குலுக்கிப் போட்டார். தியோடர் தோற்றுவிடத்தான் முயன்றார். ஆனால் ஐந்தாவது நகர்த்தலிலேயே கே.ஆர். தன் ராணியைக் கொண்டுவந்து தியோடரின் சிப்பாய் வெட்டும் கட்டத்தில் நிறுத்திவிட்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். தோற்பதற்கும் எதிராளி கொஞ்சமாவது இடம் கொடுக்க வேண்டாமா? மனுஷன் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் 'பெஞ்ச்' என்ற உன்னத ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் கம்பெனியில் ஒருவர் பார்த்துவந்த ப்ராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை அவர் 'பெஞ்சில்' இருப்பதாகச் சொல்வார்கள். பெஞ்ச் எதுவும் கிடையாது. அதே நாற்காலி, அதே மேசை. பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் மதிய சாப்பாட்டுக்குக் கூப்பிட மறந்துவிடுவார்கள். இப்படி அறுபது நாள் இருக்கலாம். சனி, ஞாயிறு, பெரிய வெள்ளி எல்லாம் சேர்த்துத்தான்; எந்த நாளையும் தாழ்வாக நினைக்காத கம்பெனி. அறுபத்தோராவது நாள் நன்றிக் கடிதம் கொடுத்து அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள். இதைவிடக் கண்ணியமாக ஒரு மனிதரை வெளியே தள்ள முடியாது என்பது நிர்வாகத்தின் கருத்து.

தியோடர் பெஞ்சுக்கு வந்து அன்று ஒன்பதாவது நாள்.

பதினோராவது நாள் அவருக்கு அழைப்பு வந்தது. மூன்றாம் மாடியில் கூட்ட அறைகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர். தண்ணீர் வராத அறைக்கு 'காவேரி' என்று பெயர். அங்கே கே.ஆர்., மமதா, மென்பொருள் எழுதும் ஷ்ரேயாஸ் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைப் பலகையில் 'லீடர்செஸ்' என்று சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

"வாங்க தியோடர்," என்றார் கே.ஆர். "நீங்கதான் இதுக்கு இன்ஸ்பிரேஷன். அன்னைக்கு ஆடினப்பதான் எனக்கு தோணுச்சு, இந்த கேம்ல டிசைன் ஃபால்ட் இருக்கு."

"என்னா ஃபால்ட்டு, கே.ஆர்.?"

"ராஜா தோத்துடறாரு."

தியோடர் யோசித்துப் பார்த்தார். மறுக்க முடியாத உண்மைதான்.

"நம்ம ஆண்டு விழாவுல இத லாஞ்ச் பண்றோம். கிளையன்ட் சைடுலேர்ந்து கேரல் வராங்க. ஷ்ரேயாஸ் சாஃப்ட்வேர் பண்ணிடுவான். நீங்க டெஸ்ட் பண்ணணும். ஃபுல் டைம்."

"பண்றேன். ஆனா நான் பெஞ்சுல இருக்கேன். அம்பது நாளுல வேற ப்ராஜெக்ட் புடிக்கணும். இதுல ஃபுல் டைம் உக்காந்தா இன்டர்வியூவுக்கு எப்பிடி போறது?"

"தியோடர், தியோடர்." கே.ஆர். அவர் தோளில் கை வைத்தார். "இதுவே ப்ராஜெக்ட்தான். பெஞ்ச் கவுன்ட் நின்னுடும். நான் மமதாகிட்ட சொல்லிடறேன்."

மமதா ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஏன் இப்போதே சொல்லவில்லை என்று கேட்கத் தியோடருக்கு நாக்கு வரை வந்தது. சமத்துவ உணர்வு தடுத்துவிட்டது.

அன்று மாலைக்குள் ஆறு விதிகள் உருவாயின. மனித சிந்தனை இவ்வளவு வேகமாக இதற்கு முன் ஓடியதாகத் தெரியவில்லை.

"ராஜா ஒரு கட்டம் ஒரு கட்டமா நகர்றாரு," என்றார் கே.ஆர். "டீம் என்ன நெனைக்கும்? லீடருக்கு ஸ்பீட் இல்லன்னு நெனைக்காதா? இனிமே ராஜா எந்த கட்டத்துக்கு வேணா போலாம். அங்க யாரு இருந்தாலும் எழுந்து எடம் விடணும்."

"ஆமேலே, அப்புறம், அவருக்கு செக் வந்தா?" என்றான் ஷ்ரேயாஸ், கன்னடம் கலந்த தமிழில்.

"செக் எதுக்கு வரணும்? ராஜாவ பாத்து செக்குன்னு கத்தறது டாக்ஸிக் கல்ச்சர். வேணும்னா ஃபீட்பேக் குடுக்கலாம். மெயில்ல."

இது முதல் விதி. யானை இதுவரை நேராக, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்க்கொண்டிருந்தது. இது பெங்களூரு போக்குவரத்தின் யதார்த்தத்துக்குச் சற்றும் பொருந்தாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இனி யானை பலகையின் ஓரம் வழியாக மட்டும் சுற்றிப் போகும். முன்னால் இன்னொரு காய் நின்றால் மூன்று முறை காத்திருக்கும். குதிரைக்கு மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. அதாவது மூன்று முறை பலகையில், இரண்டு முறை பலகைக்கு வெளியே. வெளியே இருக்கும்போது அதை வெட்ட முடியாது, கூப்பிட்டாலும் வராது. மந்திரி முன்போல் குறுக்கே போகலாம், ஆனால் பக்கத்தில் இருக்கும் இரண்டு காய்கள் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் தருவதற்கு அந்தக் காய்கள் தங்கள் முறையைச் செலவழிக்க வேண்டும். ஆகவே மந்திரி ஒரு முறை நகர்வதற்குள் எதிராளி மதிய உணவு முடித்து வந்துவிடலாம்.

ராணியைப் பற்றி மமதாவுக்கு ஒரு கருத்து இருந்தது.

"ராணி சும்னே, சும்மா எல்லாரையும் வெட்டறது சரி இல்லா, கே.ஆர். அவங்க எங்க வேணா போலாம். ஆனா போயி மத்த காய் பக்கத்துல நின்னு, அதோட கஷ்டம் கேக்கணும்."

"வெட்டவே மாட்டாங்களா?" என்றார் தியோடர்.

"வெட்டறத சிஸ்டம் பாத்துக்கும் சார்."

அவர் 'சார்' என்றதை யாரும் பொருட்படுத்தவில்லை. பெஞ்சில் இருப்பவரைச் 'சார்' என்று கூப்பிட்டால் புள்ளி குறைவதில்லை போலும்.

மிச்சம் இருந்தது சிப்பாய். ஒரு கட்டம், நேர் முன்னால், திரும்பி வர வழியில்லை. "இத மாத்த வேணாம்," என்றார் கே.ஆர். "இது ஏற்கெனவே நல்லாத்தான் இருக்கு." ஒன்றே ஒன்றைத் திருத்தினார். பழைய ஆட்டத்தில் சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால் ராணியாகிவிடும். இது மற்றவர்களின் மனநிலையைப் பாதிக்கும். இனிமேல் அது 'சீனியர் சிப்பாய்' ஆகும். அதே நடை, அதே வேலை, தலையில் மட்டும் ஒரு சின்ன நட்சத்திரம்.

"சீனியர் ஆனப்புறம் முன்னால கட்டமே இல்லியே," என்றார் தியோடர். "அது எங்க போவும்?"

"போக வேணாம். பெருமையா நிக்கட்டும்."

ஏழாவது விதிதான் மகுடம். அது கே.ஆருக்கு மறுநாள் குளிக்கும்போது உதித்ததாக அவரே சொன்னார். பதினைந்து முறை தொடர்ந்து நகராமல் நிற்கும் எந்தக் காயும் 'பெஞ்சுக்கு' அனுப்பப்படும். அதாவது, ஆட்டத்தை விட்டு வெளியே.

"எந்தக் காயுமா?" என்று கேட்டான் ஷ்ரேயாஸ், கணினியில் தட்டிக்கொண்டே.

"எந்தக் காயும். விதிவிலக்கே கிடையாது. அப்பிடியே எழுது. எல்லாரும் சமம்." கே.ஆரின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. தன் வாயிலிருந்து வந்த நியாயத்தைக் கேட்டு அவருக்கே உருகிவிட்டது.

தியோடர் வேலையில் இறங்கினார். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம்: எதைக் கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்துவிடுவார். நாளுக்கு எட்டு ஆட்டம், இரண்டு பக்கமும் அவரே. உடைகிற இடத்தையெல்லாம் நம்பர் போட்டுக் குறைப் பட்டியலில் ஏற்றினார். அந்தத் தொழிலில் இதுதான் முறை: டெஸ்டர் குறையை எழுதுவார், பொறுப்பாளர் ஒன்று சரிசெய்வார், அல்லது காரணம் எழுதி மூடுவார். லீடர்செஸ்ஸுக்குப் பொறுப்பாளர் கே.ஆர். அவர் எதையும் சரிசெய்யவில்லை, எல்லாவற்றையும் மூடினார்.

குறை ஐந்து: மந்திரிகள் ஒருவருக்கொருவர் ஒப்புதல் கேட்டு ஆட்டம் நின்றுவிடுகிறது. பதில்: வடிவமைப்பின்படியே. மூடப்பட்டது.

குறை பன்னிரண்டு: சீனியர் சிப்பாய்க்கு நகர இடமில்லை, ஆகவே பதினைந்து முறைக்குப் பின் பெஞ்சுக்குப் போகிறது. பதவி உயர்வே அதன் வெளியேற்றத்துக்குக் காரணமாகிறது. பதில்: வடிவமைப்பின்படியே. மூடப்பட்டது.

குறை பத்தொன்பது: ராஜாவுக்கு ஆபத்தே இல்லாததால் ராஜாவை யாரும் நகர்த்துவதில்லை. பதினைந்து முறை கடந்தால் ஏழாம் விதிப்படி ராஜாவும் பெஞ்சுக்குப் போகிறார். அதன் பிறகும் ஆட்டம் நடந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு மட்டும் கே.ஆர். கொஞ்சம் விரிவாக எழுதினார்: 'தலைவர் சும்மா இருப்பார் என்று நினைப்பதே தவறான மனோபாவம். சோதனையாளர் தன் பார்வையை மாற்றிக்கொள்ள வேண்டும். வடிவமைப்பின்படியே. மூடப்பட்டது.'

இதற்கிடையில் இன்னொரு எண்ணிக்கையும் நடந்துகொண்டிருந்தது. தியோடரின் மனைவி நோரா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சமையலறையில் மாட்டியிருந்த கோயில் காலண்டரில் தினமும் ஒரு தேதியைப் பென்சிலால் அடித்து வந்தாள்.

"முப்பத்தியாறு," என்றாள் ஒரு நாள், கணக்கு நோட்டுகளுக்கு நடுவிலிருந்து நிமிராமல்.

"அது நின்னுபோச்சு நோரா. இது ப்ராஜெக்ட்டுதான்னு சொல்லிட்டாரு."

"எழுதிக் குடுத்தாரா?"

"வாயால சொன்னாரு."

"வாயால சொன்னத எந்த போர்ட்டல்ல ஏத்துவீங்க? ஊரான் தப்பெல்லாம் நம்பர் போட்டு எழுதறீங்க. உங்களுக்குன்னா மட்டும் வாயால சொன்னா போதுமா?" அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "நாப்பத்தேழு வயசு டெஸ்டருக்கு எவன் வேல குடுப்பான்? எனக்கு பயமா இருக்குங்க. போயி எழுதி வாங்கிட்டு வாங்க."

மறுநாள் தியோடர் மமதாவிடம் போனார். மமதா கணினியில் பார்த்தார். பெஞ்ச்: முப்பத்தேழாம் நாள்.

"நிக்கலியே?"

"கே.ஆர். ப்ராஜெக்ட் கோட் நம்பர் ரைஸ் பண்ணணும் சார். பண்ணா தானா நிக்கும்."

கே.ஆரிடம் போனார். கே.ஆர். காது வரை சிரித்தார். "கோடு, நம்பர், இதெல்லாம் பழைய மாடல் தியோடர். ட்ரஸ்ட் வேணும். லாஞ்ச் முடியட்டும், ஒரே மெயில்ல முடிச்சிடறேன். நீங்க சந்தேகப்படறது எனக்கு கஷ்டமா இருக்கு."

மேலதிகாரியின் மனதைப் புண்படுத்திவிட்டோமே என்று தியோடர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். இருபத்தொரு வருடம் மற்றவர்களின் ஓட்டைகளைத் தேடிய மனிதர், தன் காலடியில் இருந்ததைத் தாண்டிப் போனார். அவரை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ஐம்பத்து நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, ஆண்டு விழா. கீழ்த்தளத்தில் மேடை, அதில் தொடுதிரையாலான சதுரங்கப் பலகை. பின்னால் சுவரளவு திரை. முன் வரிசையில், கம்பெனியின் வருமானத்தில் பாதியைக் கொடுக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் பிரதிநிதி கேரல் அம்மையார், கழுத்தில் மைசூர் மல்லிகை மாலையோடு. எல்லோருக்கும் கம்பெனியின் பெயர் பொறித்த தொப்பி கொடுக்கப்பட்டிருந்தது. பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தொப்பி கிடையாது என்பதால் தியோடர் வெறுந்தலையோடு மேடையேறினார். கே.ஆருக்கு எதிராக அவர்தான் ஆட வேண்டும்.

"ஜென்டிலா தோத்துடுங்க," என்று காதோரம் சொன்னார் கே.ஆர்.

"எப்பிடி தோக்கறது? ராஜாவுக்குத்தான் செக்கே இல்லியே."

"கைத்தட்டலுதான் ரிசல்ட். எட்டாவது விதி. நேத்து சேத்தேன்."

ஆட்டம் தொடங்கியது. காய்களை நகர்த்த நகர்த்தத் திரையில் பெரிதாகத் தெரிந்தது. ஒரு குதிரை வீட்டுக்குப் போனது, கைதட்டல். யானை ஓரமாக நின்று காத்திருந்தது. ஒயிட்ஃபீல்டிலிருந்து நெரிசலில் ஊர்ந்து வந்தவர்கள் மனம் விட்டுச் சிரித்தார்கள். கே.ஆர். ஒரு காயை நகர்த்திவிட்டு ஒரு தத்துவம் சொன்னார். "ராஜாவ நான் தொடவே இல்ல, கவனிச்சீங்களா? அவரு டீம நம்பறாரு." மீண்டும் கைதட்டல்.

தியோடர் தன் ராஜாவை ஒன்பதாவது முறையிலேயே ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டார். கே.ஆரின் ராஜா ஆரம்பத்தில் நின்ற இடத்திலேயே இருந்தார். பதினான்காவது முறை வந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கெட்ட பழக்கம் இருக்கிறதே, அது விடவில்லை. தியோடர் பலகைமேல் குனிந்து, ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்:

"கே.ஆர்., ராஜாவ ஒரு தடவ நகத்திடுங்க."

கே.ஆர். புன்னகை மாறாமல் பதில் சொன்னார். "உங்க பழைய வித்தய எங்கிட்ட காட்டாதீங்க தியோடர். ஒரு தடவ ஏமாந்தாச்சு."

சிப்பாயை நகர்த்தினார். பதினைந்தாவது முறை முடிந்தது. ஷ்ரேயாஸ் எழுதிய மென்பொருள் ஒரு விநாடி யோசித்தது. பிறகு, கே.ஆரின் பக்கம் அதுவரை அசையாமல் நின்ற அத்தனை காய்களும் ஒன்றாக மங்கின: ஒரு யானை, ஒரு மந்திரி, மூன்று சிப்பாய்கள், நடுவில் ராஜா. எல்லாம் வரிசையாக வழுக்கிப்போய்த் திரையின் ஓரத்தில் வரைந்திருந்த பெஞ்சில் உட்கார்ந்தன. மேலே எழுத்து ஓடியது: 'இதுவரை ஆற்றிய பங்களிப்புக்கு நன்றி. வெளியேறும்முன் அடையாள அட்டையை ஒப்படைக்கவும்.' வாசகம் மமதாவினுடையது.

கூட்டம் கைதட்டியது. ஒரே நாளில் ஆறு பேர் போனால் யார் யார் போனார்கள் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. கே.ஆரும் பார்க்கவில்லை, அவர் கேரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜா இல்லாமல் ஆட்டம் இன்னும் ஒன்பது முறை நடந்தது. சிப்பாய்கள் முன்னேறின. மந்திரி ஒப்புதலுக்குக் காத்திருந்தார். ஒரு வித்தியாசமும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் வேகமாகவே நடந்தது. கே.ஆர். தலைமைப் பண்பைப் பற்றி இன்னும் மூன்று தத்துவங்கள் சொன்னார்.

பிறகு கேரல் அம்மையார் கையைத் தூக்கி, ஆங்கிலத்தில், மரியாதையாகக் கேட்டார்: "மன்னிக்கவும். உங்கள் ராஜா எங்கே?"

கே.ஆர். பலகையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பெஞ்சில், இரண்டு சிப்பாய்களுக்கு நடுவே, கிரீடத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

முந்நூறு தொப்பிகளும் அந்தப் பெஞ்சின் பக்கம் திரும்பின.

"இத யாரு டெஸ்ட் பண்ணது?" என்றார் கே.ஆர். ஒலிவாங்கி திறந்திருந்தது.

"நான்தான்," என்றார் தியோடர். "எழுதியிருக்கேன். பத்தொம்பதாம் நம்பர்."

ஷ்ரேயாஸ் சொன்னதைச் செய்கிற பையன். யாராவது ஒரு நம்பரைச் சொன்னால் அதைத் திரையில் திறந்து காட்டுவது அவன் கை பழகிய வேலை. காட்டினான். 'தலைவர் சும்மா இருப்பார் என்று நினைப்பதே தவறான மனோபாவம்' என்ற வரி, ஆளுயர எழுத்தில், கீழே கே.ஆரின் பெயரோடும் தேதியோடும், தளம் முழுவதும் வெளிச்சம் போட்டது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

தியோடர் தன் வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிஷத்தை அனுபவித்ததில்லை. நெஞ்சு நிறைந்துபோயிற்று. நோராவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

அப்போது கேரல் எழுந்து நின்று கைதட்டினார்.

எத்தனையோ நாடுகளில் எத்தனையோ தலைவர்களைப் பார்த்திருக்கிறேன், என்றார் அவர். தான் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் என்பதை இவ்வளவு பணிவாக, தன் ஊழியர்கள் முன்னாலேயே நாடகமாக நடத்திக் காட்டிய தலைவரை இப்போதுதான் பார்க்கிறேன். அந்தக் கடைசித் திரை, தன்னைத் தானே கேலி செய்துகொண்ட அந்த வரி, அபாரம்.

கே.ஆருக்கு ஒரு விநாடிதான் பிடித்தது. ஒரு விநாடி என்பது அவர் இருக்கும் உயரத்தில் அதிகம். மார்பில் கை வைத்துத் தலைகுனிந்தார்.

"வடிவமைப்பின்படியே," என்றார்.

முந்நூறு பேரும் எழுந்து தட்டினார்கள். எட்டாவது விதிப்படி ஆட்டத்தில் வென்றவர் கே.ஆர்.

திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. கே.ஆர். உலகளாவிய 'தலைவரற்ற தலைமை'ப் பிரிவின் தலைவராக உயர்த்தப்பட்டார். லீடர்செஸ் விதிகளின் இரண்டாம் பதிப்பும் அன்றே வெளியானது. ஒரே ஒரு திருத்தம்: ஏழாம் விதியில் 'எந்தக் காயும்' என்பதற்குப் பின் 'ராஜா நீங்கலாக' என்று சேர்க்கப்பட்டிருந்தது. ராஜா நகராமல் நிற்பது ஓய்வு அல்ல, தொலைநோக்கு என்று அடிக்குறிப்பு.

அறுபத்தோராம் நாள், வெள்ளிக்கிழமை, தியோடரை 'காவேரி'க்குக் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒரு உறை. மமதா அவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கஷ்டத்தைக் கேட்கத் தயாராக இருந்தார். கே.ஆர். எதிரே.

"ப்ராஜெக்ட் கோட் என்னாச்சு, கே.ஆர்.?"

"லீடர்செஸ் ப்ராஜெக்ட் கேட்டகரில வரல தியோடர். அது பேஷன், மனசுக்கு புடிச்சு பண்றது. பேஷனுக்கு கோட் கிடையாது."

"நீங்க சொன்னீங்க. இங்கயே, இதே ரூம்ல. பெஞ்ச் நின்னுடும்னு சொன்னீங்க. அம்பது நாளு நான் ஒரு இன்டர்வியூவுக்கும் போவல. உங்க விளையாட்டத்தான் பாத்தேன்."

"ஃபீல் பண்றேன். நான் நெனச்சா ஒரு எக்ஸெப்ஷன் வாங்கலாம்." கே.ஆர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே வருந்தினார், அந்தத் திறமை அவருக்கு உண்டு. "ஆனா நீங்களே சொல்லுங்க. மேடையில எல்லாரும் பாக்க என்ன நடந்துச்சு? ராஜாவே பெஞ்சுக்கு போனாரு. ஒரு வார்த்த பேசாம போனாரு. ராஜாவுக்கே இல்லாத எக்ஸெப்ஷன உங்களுக்கு குடுத்தா, டீம் என்ன நெனைக்கும்?"

"போனது படத்துல இருந்த ராஜா. நீங்க இங்கதான உக்காந்துட்டு இருக்கீங்க?"

"இதுதான் தியோடர் உங்க ப்ராப்ளம். எல்லாத்தையும் பர்சனலா எடுத்துக்கறீங்க."

தியோடர் உறையைப் பிரித்தார். அதே வாசகம்: இதுவரை ஆற்றிய பங்களிப்புக்கு நன்றி. அடையாள அட்டை. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அதைச் சோதித்துச் சரி என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் மேசைக்கு வந்தார். கணினி இணைப்பைத் துண்டிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கெட்ட பழக்கம், கடைசி வரை விடவில்லை. குறைப் பட்டியலைத் திறந்து எழுதினார்.

குறை முப்பத்தைந்து: தவறு செய்த ராஜா வெளியே போனதாகக் காட்டப்படுகிறார், ஆனால் பதவி உயர்கிறார். அந்தத் தவறை முன்கூட்டியே எழுதிக் கொடுத்த சிப்பாய், பலகையிலேயே இல்லாதபோதும், உண்மையாகவே வெளியே போகிறான்.

படிகளில் இறங்கி, எதிரே இருந்த கடையில் நின்று ஒரு காபி சொன்னார். ஒருவர் மட்டும் வந்து முழுக் காபி கேட்டதும் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அவரோடு ஒரு காபியை இரண்டாகப் பிரித்து 'பை-டூ' குடிக்கிறவர்கள் எல்லாம் மேலே மூன்றாம் மாடியில் இருந்தார்கள். தம்ளர் வருவதற்குள் கைபேசியில் பதில் வந்துவிட்டது. கே.ஆர். எவ்வளவு வேலை இருந்தாலும் குறைப் பட்டியலை நிலுவையில் வைப்பவர் அல்ல.

'குறை அல்ல. வடிவமைப்பின்படியே. மூடப்பட்டது.'

கே.ஆரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சரி, ஒரு விஷயத்தை வரலாறு மறைக்கக் கூடாது. முப்பத்தைந்து குறைகளுக்கு அவர் எழுதிய முப்பத்தைந்து பதில்களில், இந்த ஒன்றில் மட்டும் அவர் முழு உண்மையைச் சொல்லியிருந்தார்.